அமெரிக்காவில் திவால் மனு: எது மிஞ்சும், யாருக்குத் தகுதி, என்ன செலவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் திவால் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் படிவம் நிரப்புவது என் வேலை. அதனால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கையெழுத்துப் போடும் முன் உங்கள் மாநில வக்கீல் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

விலக்கு என்றால் கடனுக்காக எடுக்காமல் உங்களிடமே விட்டுவைக்கும் சொத்தின் அளவு. கூட்டாட்சிச் சட்டத்தில் வரும் விலக்குத் தொகைகளும் கடன் வரம்புகளும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறும். இங்கே இருப்பவை 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளவை. அடுத்த மாற்றம் 2028 ஏப்ரலில்.

மஞ்சக் கடுதாசி குடுக்கறதுக்கு இங்க எந்த கோர்ட்? ஸ்டேட்டா, ஃபெடரலா?

ஃபெடரல். திவால் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசியலமைப்பே காங்கிரசிடம் கொடுத்திருக்கிறது. டெக்சஸில் போட்டாலும் மிச்சிகனில் போட்டாலும் அதே படிவங்கள், அதே நீதிமன்றக் கட்டணம். இப்போது இருப்பது 1978-ல் வந்த சட்டம். 2005-ல் அதை நன்றாக இறுக்கிவிட்டார்கள்.

மாநிலம் உள்ளே வருவது முக்கியமாக இரண்டு இடத்தில். உங்கள் வருமானத்தை எந்த அளவோடு ஒப்பிடுவது என்பது ஒன்று. உங்களிடம் எதை விட்டுவைப்பது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய விஷயம். ஒரே சம்பளம், ஒரே கடன் உள்ள இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு வீடு தங்கும், இன்னொன்றுக்குக் கைவிட்டுப் போகும். இருக்கும் மாநிலம் வேறு, அவ்வளவுதான்.

சாப்டர் 7, சாப்டர் 13ங்கறாங்களே, எது நமக்கு?

இரண்டும் திவால் சட்டத்தின் அத்தியாயங்கள். சாப்டர் 7-ல் விலக்குக்கு மேல் மிஞ்சும் சொத்தை டிரஸ்டி, அதாவது வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படுபவர், எடுத்து விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு போடுவார். மீதிக் கடன் தள்ளுபடி. பெரும்பாலானவர்களிடம் அப்படி எடுக்க எதுவும் இருப்பதில்லை. நான்கைந்து மாதத்தில் வேலை முடிந்துவிடும். சாப்டர் 13-ல் சொத்தை வைத்துக்கொண்டு 3 முதல் 5 ஆண்டு மாதத் தவணை கட்ட வேண்டும். வீட்டுக்கடனில் பாக்கி விழுந்து ஏலம் வரை போனவர்களுக்கு இதுதான் வழி, ஏனென்றால் பாக்கியை அந்த ஆண்டுகளில் பிரித்துக் கட்டலாம். நிலையான வருமானம் வேண்டும். அடமானமில்லாத கடன் 526,700 டாலருக்கும், அடமானக் கடன் 1,580,125 டாலருக்கும் கீழே இருக்க வேண்டும்.

எதைப் போட்டாலும், மனு பதிவான நொடியிலிருந்து வசூல் போன், வழக்கு, சம்பளப் பிடித்தம், வீட்டு ஏலம் எல்லாம் நிற்க வேண்டும். ஜீவனாம்சம், குற்ற வழக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் இது பொருந்தாது.

மொத்தம் எவ்வளவு ஆகும்? காசு இல்லாமத்தானே வர்றோம்!

நியாயமான கேள்வி. நீதிமன்றக் கட்டணம் சாப்டர் 7-க்கு 338 டாலர், சாப்டர் 13-க்கு 313 டாலர். இதை நான்கு தவணை வரை பிரித்து 120 நாளில் கட்ட அனுமதி கேட்கலாம். குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 150 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் முழுதாகவே தள்ளச் சொல்லலாம். ஆனால் அந்தச் சலுகை சாப்டர் 7-க்கு மட்டும்.

அப்புறம் இரண்டு வகுப்புகள். மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் கடன் ஆலோசனை வகுப்பு ஒன்று, மனு போட்ட பிறகு பண நிர்வாக வகுப்பு ஒன்று. ஆன்லைனிலோ போனிலோ முடித்துவிடலாம், ஒவ்வொன்றும் 50 டாலருக்குள். முதல் வகுப்பின் சான்றிதழ் இல்லாமல் மனு போட்டால் வழக்கைத் தள்ளிவிடுவார்கள், கட்டணமும் திரும்பாது. கூகுளில் முதலில் வரும் இடத்தில் படிக்காதீர்கள். அரசு ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதைத் திவால் வழக்குகளைக் கண்காணிக்கும் யு.எஸ். டிரஸ்டி அலுவலகம் வெளியிடுகிறது. அலபாமாவிலும் நார்த் கரோலினாவிலும் மட்டும் அந்த அலுவலகம் கிடையாது, பேங்க்ரப்ட்சி அட்மினிஸ்ட்ரேட்டர் என்று தனி ஏற்பாடு.

வக்கீல் கட்டணம்தான் ஊருக்கு ஊர் மாறும். எளிய சாப்டர் 7 ஆயிரத்துச் சொச்சம் டாலரில் தொடங்கி இரண்டாயிரத்தைத் தாண்டும். சாப்டர் 13 அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. சாப்டர் 7-ல் வக்கீல் கட்டணம் முழுதையும் முன்பே கேட்பதற்குக் காரணம் உண்டு. மனு போடும் நாளில் நீங்கள் அவருக்குப் பாக்கி வைத்தால் அந்தப் பாக்கியும் மற்றக் கடன்களோடு சேர்ந்து தள்ளுபடியாகிவிடும். சாப்டர் 13-ல் அவர் கட்டணத்தின் பெரும்பகுதியைத் தவணைக்குள்ளேயே சேர்த்துவிடலாம். ஆனால் அந்தத் தவணையில் 10 சதவீதம் வரை டிரஸ்டியின் கமிஷனும் இருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

சம்பளம் நல்லா இருந்தா சாப்டர் 7 குடுக்க மாட்டாங்களாமே?

2005 திருத்தம் கொண்டுவந்த 'மீன்ஸ் டெஸ்ட்' இது. மனு போடும் மாதத்துக்கு முந்தைய ஆறு முழு மாத வருமானத்தைக் கூட்டி, இரண்டால் பெருக்கி, உங்கள் மாநிலத்தில் அதே எண்ணிக்கை கொண்ட குடும்பத்தின் இடைநிலை வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். குறைவாக இருந்தால் இந்தத் தடை தாண்டியாயிற்று. அதிகமாக இருந்தால் நீண்ட படிவம் ஒன்று உண்டு. வரி, வீட்டுக்கடன், கார்க் கடன், காப்பீடு, அரசு நிர்ணயித்த வாழ்க்கைச் செலவு எல்லாம் கழித்து மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதிலும் தேறியவர்கள் நிறையப் பேர். சம்பளம் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் போனை வைத்துவிட வேண்டாம்.

இங்கே மாதம் முக்கியம். அக்டோபரில் போட்டால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் கணக்கு. ஏப்ரலில் வேலை போய், கையில் பெரிய செவரன்ஸ் (வேலைநீக்க இழப்பீட்டு) தொகை வந்தவர் அக்டோபரில் தேறமாட்டார், நவம்பரில் தேறலாம். சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதிய) பணம் இந்தக் கூட்டலில் வராது. கடனில் பாதிக்கு மேல் தொழில் கடனாக இருந்தால் இந்தச் சோதனையே கிடையாது. உணவகமோ பெட்ரோல் பங்க்கோ நடத்தி நொடித்தவர்கள் இதை வக்கீலிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

நான் எச்-1பி. சிட்டிசன் இல்லாதவங்க ஃபைல் பண்ணலாமா? விசா போயிடுமா?

பண்ணலாம். அமெரிக்காவில் வசிப்பவர், அல்லது இங்கே தொழிலோ சொத்தோ உள்ளவர் என்பதுதான் சட்டம் கேட்கும் தகுதி. குடியுரிமை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர் ஐ.டி.ஐ.என். என்ற வரி எண்ணைக் கொடுக்கலாம்.

எச்-1பி நிற்பது வேலையின் மேல், கிரெடிட் ஸ்கோரின் மேல் இல்லை. திவால் மனு போட்டதற்காக மட்டும் தனியார் முதலாளி உங்களை நீக்கவும் கூடாது. புதிய வேலைக்குச் சேரும்போது அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது, பேங்க் வேலை என்றால் யோசியுங்கள். கிரீன் கார்டுக்கு 2020-ல் ஐ-944 என்று ஒரு படிவம் இருந்தது. அதில் திவால் பற்றிக் கேட்டார்கள். 2021 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். பயந்துபோய் சிலர் இன்னும் அந்தப் பழைய படிவத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். உண்மையில் குடியேற்ற விஷயத்தில் கழுத்தைப் பிடிப்பது பொய்க் கணக்கும் கட்டாத வரியும்தான். விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் இரண்டு வக்கீலையும் ஒருவரோடு ஒருவர் பேசவிடுங்கள்.

விலக்கு விலக்குங்கறீங்களே, அப்படின்னா வீட்டோட விலையா?

இல்லை, வீட்டில் உங்களுக்குச் சொந்தமான பங்கு, அதாவது ஈக்விட்டி. 5 லட்சம் டாலர் வீட்டில் 3.8 லட்சம் கடன் பாக்கி என்றால் ஈக்விட்டி 1.2 லட்சம். மாநில விலக்கு 1.2 லட்சத்துக்கு மேல் இருந்தால் டிரஸ்டி தொடமாட்டார். விலக்கு 60,000 என்றால் அவர் விற்கலாம். விற்று, வங்கிக் கடனை அடைத்து, உங்களுக்கு 60,000 கொடுத்து, மிச்சத்தைப் பங்கிடுவார். தரகுச் செலவெல்லாம் போக ஒன்றும் தேறாது என்றால் விட்டுவிடுவார். டிரஸ்டிக்குப் பங்கிடும் தொகையில் கமிஷன் உண்டு, முதல் 5,000 டாலரில் 25 சதவீதம் வரை. அதனால் அவர் சும்மா பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள். விலக்கு உங்களை வங்கியின் அடமானத்திலிருந்து காப்பாற்றாது. மாதத் தவணை கட்டாவிட்டால் விலக்கு தாராளமான டெக்சஸில்கூட வீடு போகும்.

எந்த ஸ்டேட்ல வீடு தப்பிக்கும்?

தாராளமானவை டெக்சஸும் ஃபுளோரிடாவும். இரண்டிலும் குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பு வரம்பே இல்லை, நில வரம்பு மட்டும் உண்டு. டெக்சஸ் நகரப் பகுதியில் 10 ஏக்கர், கிராமத்தில் குடும்பத்துக்கு 200 ஏக்கர். ஃபுளோரிடாவில் நகராட்சிக்குள் அரை ஏக்கர், வெளியே 160 ஏக்கர். கேன்சஸும் அயோவாவும் இதே வகை. டெக்சஸில் இந்தப் பழக்கம் அது தனிக் குடியரசாக இருந்த 1839-லேயே சட்டமானது. கடனுக்குப் பயந்து ஓடிவந்து குடியேறியவர்கள் நிறைந்த நாடு, அவர்களுக்குத் தோதாகத்தானே சட்டம் எழுதுவார்கள்.

கலிபோர்னியா 2021 ஜனவரி முதல் விலக்கை ஒரேயடியாக உயர்த்தியது. உங்கள் கவுண்டியின் இடைநிலை வீட்டு விலையைப் பொறுத்து 3 லட்சம் முதல் 6 லட்சம் டாலர் வரை. விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் அந்த எண்கள் ஏறுகின்றன. மாசசூசெட்ஸில் பதிவு அலுவலகத்தில் ஹோம்ஸ்டெட் (இது நான் குடியிருக்கும் வீடு என்ற) அறிவிப்பு கொடுத்தவருக்கு 2024 முதல் 10 லட்சம் டாலர் வரை. அறிவிப்பு கொடுக்காதவருக்குத் தானாகக் கிடைப்பது 1.25 லட்சம் மட்டும். ஒரு தாளும் சிறு கட்டணமும்தான் வித்தியாசம். பாஸ்டன் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் கடனில்லாவிட்டாலும் இதைச் செய்துவைப்பது நல்லது.

கடைசி வரிசையில் என் மாநிலம். நியூ ஜெர்சியின் சொந்தப் பட்டியலில் வீட்டுக்கு என்று ஒரு டாலர்கூடக் கிடையாது. பென்சில்வேனியாவும் அப்படியே. இரண்டு மாநிலமும் அதற்குப் பதில் கூட்டாட்சிச் சட்டத்தின் விலக்குப் பட்டியலை எடுக்க விடுவதால் ஆளுக்கு 31,575 டாலர் கிடைக்கிறது, கணவன் மனைவி சேர்ந்து போட்டால் 63,150. இங்கே எடிசன் ஊரில் பத்தாண்டுக்கு முன் வீடு வாங்கியவருக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் சாப்டர் 13 பக்கம் போகிறார்கள்.

ஃபெடரல் லிஸ்ட், ஸ்டேட் லிஸ்ட் ரெண்டுலயும் நல்லதா பாத்து எடுத்துக்கலாமா?

கலந்து எடுக்க முடியாது. ஏதாவது ஒன்று முழுதாக. அந்தத் தேர்வும் எல்லா மாநிலத்திலும் கிடையாது. நியூ ஜெர்சி, நியூயார்க், பென்சில்வேனியா, டெக்சஸ், மிச்சிகன், வாஷிங்டன், மாசசூசெட்ஸ், கனெக்டிகட், மின்னசோட்டா உட்பட 19 மாநிலங்களிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் உண்டு. கலிபோர்னியா, ஃபுளோரிடா, ஜார்ஜியா, இல்லினாய், ஒஹையோ, வர்ஜீனியா, நார்த் கரோலினாவில் மாநிலப் பட்டியல்தான். கலிபோர்னியா மட்டும் தானே இரண்டு பட்டியல் வைத்திருக்கிறது, சொந்த வீட்டுக்காரர்களுக்கு ஏற்றது ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. கணவன் மனைவி சேர்ந்து மனு போட்டால் இருவரும் ஒரே பட்டியலையே எடுக்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கூட்டாட்சிப் பட்டியல் பல நேரம் நல்லது. காரணம் 'வைல்டுகார்டு'. 1,675 டாலரோடு, வீட்டு விலக்கில் பயன்படுத்தாத பகுதியில் 15,800 வரை சேர்த்து, 17,475 டாலரை எந்தச் சொத்தின் மேலும் போடலாம். வங்கியில் உள்ள பணம், வர வேண்டிய வரி ரீஃபண்ட் எதுவானாலும். தம்பதிக்கு 34,950. டெக்சஸ் பட்டியல் குடும்பத்துக்கு 1 லட்சம் டாலர் அசையும் சொத்தை விட்டுவைக்கும், ஆனால் வங்கியில் கிடக்கும் ரொக்கத்தை அது காப்பதில்லை. டாலஸில் வாடகைக்கு இருந்து 20,000 சேமிப்பு வைத்திருப்பவர் டெக்சஸ் பட்டியலை எடுத்தால் அந்தப் பணம் போய்விடும்.

போன வருஷம்தான் ஜெர்சியிலேர்ந்து டெக்சஸ் வந்தோம். இப்போ போட்டா டெக்சஸ் சலுகை உண்டா?

கிடையாது. மனு போடும் நாளுக்கு முந்தைய 730 நாளும் ஒரே மாநிலத்தில் குடியிருந்தால்தான் அந்த மாநிலச் சட்டம். இல்லையென்றால் அந்த 730 நாளுக்கும் முந்தைய 180 நாளில் அதிக நாள் எங்கே இருந்தீர்களோ அந்த மாநிலம். உங்கள் விஷயத்தில் நியூ ஜெர்சி. விசித்திரம் என்னவென்றால், கடந்த 180 நாளில் அதிக நாள் டெக்சஸில் இருந்ததால் மனு போடும் நீதிமன்றம் டெக்சஸ்தான். டெக்சஸ் நீதிபதி நியூ ஜெர்சிச் சட்டத்தைப் படித்துத் தீர்ப்பு சொல்வார். பழைய மாநிலச் சட்டம் 'எங்கள் ஊர்க்காரருக்கு மட்டும்' என்று கதவை அடைத்தால், எந்தப் பட்டியலும் இல்லாமல் போகாது; கூட்டாட்சிப் பட்டியல் கைகொடுக்கும்.

730 நாள் தாண்டினாலும் வீட்டுக்கு இன்னொரு தடை உண்டு. மனுவுக்கு முந்தைய 1,215 நாளுக்குள், அதாவது சுமார் மூன்று வருடம் நான்கு மாதத்துக்குள், வாங்கிய வீடு என்றால் விலக்கு 2,14,000 டாலரோடு நின்றுவிடும், டெக்சஸானாலும் ஃபுளோரிடாவானாலும். அதே மாநிலத்தில் முன்பு வைத்திருந்த வீட்டை விற்று இதில் போட்ட பணத்துக்கு இந்த வரம்பு இல்லை. என்ரான் மாதிரி கம்பெனிகள் சரிந்த காலத்தில், பெரிய தலைகள் கடனிலிருந்து தப்ப மாளிகை வாங்கி உட்காரலாமே என்ற கோபம் கிளம்பியது. 2005-ல் இந்தத் தடை வந்தது அதனால்தான். மாட்டுவது என்னவோ ஆஸ்டினுக்கு மாற்றலான நடுத்தரக் குடும்பங்கள்.

நகை, தாலி எல்லாம் எடுத்துருவாங்களா?

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறக்கமாட்டார்கள். ஆனால் நகையை மனுவில் காட்டியே ஆக வேண்டும். கூட்டாட்சிப் பட்டியலில் நகைக்கு ஆளுக்கு 2,125 டாலர். தங்கம் விற்கும் விலையில் இது எங்கே போதும்? மிச்சத்துக்கு வைல்டுகார்டைப் போடலாம். டெக்சஸில் மொத்த அசையும் சொத்து விலக்கில் கால் பங்கு வரை நகையாக இருக்கலாம், குடும்பத்துக்கு 25,000 டாலர். நம் ஆட்களுக்கு அது பெரிய வசதி.

மதிப்பு என்பது இன்று விற்றால் கிடைக்கும் விலை. செய்கூலி சேதாரத்தைக் கூட்ட வேண்டாம், கல்லின் எடையையும் கழியுங்கள். கணவர் மட்டும் மனு போட்டால் மனைவிக்கு அவர் பிறந்த வீட்டில் போட்ட நகை மனைவியின் சொத்து, கணவரின் கணக்கில் வராது. ஊரில் வங்கி லாக்கரில் இருப்பது உங்களுடையது என்றால் அதுவும் பட்டியலில் வரும்.

401(கே), ஐ.ஆர்.ஏ., பிள்ளையோட 529 கணக்கு?

முதல் இரண்டும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகள், 529 படிப்புச் செலவுக்கான சேமிப்பு. கம்பெனி வழியாக வரும் 401(கே) வரம்பின்றிப் பத்திரம். 1992-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம் இது. சொந்தமாகப் போட்ட ஐ.ஆர்.ஏ. 17,11,975 டாலர் வரை. ஆனால் பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த ஐ.ஆர்.ஏ.வுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2014-ல் அதே நீதிமன்றம் சொன்னது. 529-ல் கடைசி ஓராண்டில் போட்ட பணம் பாதுகாப்பில்லை, 720 நாளுக்கு முன் போட்டது பத்திரம், இடையில் போட்டதில் ஒரு பிள்ளைக்கு 8,575 டாலர் வரை. இந்தியாவில் உள்ள பி.எஃப்., பி.பி.எஃப். கணக்குகள் அமெரிக்கச் சட்டத்தின் இந்த வகைக்குள் தானாக வந்துவிடாது. தனியாகக் காட்டி, வக்கீலிடம் வழி கேளுங்கள்.

எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்புவது ஒன்று உண்டு. 401(கே)யை உடைத்து, வரியும் 10 சதவீத அபராதமும் கட்டி, அந்தப் பணத்தைக் கிரெடிட் கார்டுக்குப் போட்டுத் தீர்த்த பிறகு, இன்னும் கடன் மிச்சம் என்று எங்களிடம் வருவார்கள். தொடாமல் விட்டிருந்தால் மொத்தமும் அவர்களுக்கே இருந்திருக்கும்.

ஊர்ல இருக்கற நிலத்தைப் பத்தி இவங்களுக்கு எப்படித் தெரியும்? சொல்லணுமா?

சொல்ல வேண்டும். உலகில் எங்கே, யார் கையில் இருந்தாலும் உங்கள் சொத்து திவால் சொத்தின் பகுதி என்று சட்டம் சொல்கிறது. மதுரையில் உள்ள பிளாட்டும், இந்திய வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியராக வைத்திருக்கும் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கும் படிவத்தில் வர வேண்டும். வீட்டு விலக்கு நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குத்தான், ஊர் வீட்டுக்குப் பொருந்தாது, வைல்டுகார்டு பொருந்தும். மனுவுக்குப் பின் நடக்கும் விசாரணைக் கூட்டத்தில் டிரஸ்டி சத்தியம் வாங்கிக்கொண்டுதான் 'எல்லாச் சொத்தையும் காட்டினீர்களா' என்று கேட்பார். வங்கி அறிக்கையில் ஊருக்கு அனுப்பிய பணம் தெரியும், வரிக் கணக்கில் வெளிநாட்டுக் கணக்கு தெரியும். மறைத்தது வெளிவந்தால் தள்ளுபடியே ரத்தாகும், குற்ற வழக்கும் வரலாம்.

பலர் மறப்பது பூர்வீகச் சொத்து. இந்து கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு. 2005 திருத்தத்துக்குப் பின் மகளுக்கும் அப்படியே. அப்பா உயிரோடு இருக்கிறார், பாகம் பிரிக்கவில்லை, பட்டா என் பேரில் இல்லை என்பதால் பங்கு இல்லை என்று ஆகிவிடாது. அப்பா தானே சம்பாதித்து வாங்கியது வேறு கதை, அதில் அவர் இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றுமில்லை. எது எந்த வகை என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே வக்கீலிடம் சொல்லுங்கள். பிரிக்காத பங்கைத் தமிழ்நாட்டில் போய் விற்க டிரஸ்டிக்கும் சுலபமில்லை. ஒரு தொகை கட்டி நீங்களே வைத்துக்கொள்ளும்படி பேசி முடிக்கலாம். காட்டினால்தான் அந்தப் பேச்சுக்கே இடம்.

அப்பாவுக்கும் ஃப்ரெண்டுக்கும் குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டு, காரைத் தம்பி பேர்ல மாத்திட்டு ஃபைல் பண்ணலாமா?

வேண்டவே வேண்டாம். உறவினருக்கு மனுவுக்கு முந்தைய ஓராண்டில் அடைத்த கடனை டிரஸ்டி அவரிடமிருந்து திரும்ப வாங்கலாம். மற்றவர்களுக்கு இது 90 நாள். நண்பருக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்தது அவர் வீட்டுக்கு நோட்டீஸாகப் போகும். இனாமாகவோ அடிமாட்டு விலைக்கோ கைமாற்றிய சொத்துக்கு இரண்டு ஆண்டு, பல மாநிலச் சட்டங்களின்படி நான்கு ஆண்டு பின்னால் போய்ப் பார்ப்பார்கள். பெற்றோரின் மருந்துச் செலவுக்கு மாதாமாதம் அனுப்பும் சிறு தொகை வேறு, மனுவுக்கு முந்தைய மாதம் அனுப்பிய 15,000 வேறு. இரண்டையும் காட்டுங்கள்.

காரை மாற்றுவதில் இன்னொரு முட்டாள்தனமும் இருக்கிறது. கூட்டாட்சிப் பட்டியலில் வாகனத்துக்கு 5,025 டாலர் விலக்கு, மேலே வைல்டுகார்டு. உங்கள் பேரில் இருந்தால் தப்பியிருக்கும் கார், தம்பி பேருக்கு மாறியதால் அந்த விலக்கையும் இழக்கும். கடைசி நேரத்தில் கார்டைத் தேய்ப்பதும் அப்படியே. 90 நாளுக்குள் ஒரே நிறுவனத்திடம் 900 டாலருக்கு மேல் ஆடம்பரச் செலவு, 70 நாளுக்குள் 1,250-க்கு மேல் ரொக்கம் எடுத்தல், இவை மோசடிக் கடன் என்றே முதலில் கருதப்படும்.

கடன் வீட்டுக்காரர் பேர்ல மட்டும்தான். அவர் மட்டும் போட்டா போதுமா?

போதும், ஆனால் மனைவியின் வருமானத்தையும் மீன்ஸ் டெஸ்டில் காட்ட வேண்டும். சொத்து விஷயத்தில் மாநிலம் மறுபடி நுழைகிறது. டெக்சஸ், கலிபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா போன்ற இடங்களில் திருமணத்துக்குப் பின் சம்பாதித்தது இருவருக்கும் பொது. ஒருவர் போட்டாலும் அந்தப் பொதுச் சொத்து பெரும்பாலும் உள்ளே வரும். ஃபுளோரிடா, பென்சில்வேனியா, மேரிலாண்ட் போன்ற இடங்களில் தம்பதி 'டெனன்சி பை தி என்டயரிட்டி' முறையில் சேர்ந்து வாங்கிய வீட்டை ஒருவருடைய தனிக் கடனுக்காக எடுக்க முடியாது. வீட்டு விலக்கே இல்லாத பென்சில்வேனியாவில் பல வீடுகள் தப்புவது இப்படித்தான். இருவரும் கையெழுத்திட்ட கடன் ஒன்று இருந்தால் அந்தக் கவசத்தில் ஓட்டை.

மச்சான் கார் லோனுக்கு நான் கோ-சைன் போட்டிருக்கேன். அவர் ஃபைல் பண்ணிட்டார். என் கதி?

சாப்டர் 7 என்றால் அவர் தப்பினார், வங்கி உங்களைத் தேடி வரும். சாப்டர் 13 என்றால் தவணை ஓடும்வரை பொதுவாக உங்கள் மேலும் கைவைக்க முடியாது, தவணையில் அந்தக் கடன் முழுதாக அடைந்தால் பிரச்சினையில்லை.

எந்தக் கடன் எல்லாம் போகாது?

ஜீவனாம்சம், பிள்ளைச் செலவு, சமீபத்திய வருமான வரி, மோசடிக் கடன், குடித்து வண்டி ஓட்டியதால் வந்த உயிர்ச்சேத, காய நஷ்டஈடு. படிப்புக் கடன் தானாகப் போகாது. தாங்க முடியாத கஷ்டம் என்று தனி வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். அரசுக் கடனுக்கு 2022 நவம்பரில் நீதித்துறை அந்த வழியைக் கொஞ்சம் எளிதாக்கியது. வருமான வரியில், கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கெடு முடிந்து மூன்று ஆண்டுக்கு மேலானது, உரிய நேரத்தில் தாக்கலும் செய்தது என்றால் தள்ளுபடிக்கு வாய்ப்பு உண்டு. ஆஸ்பத்திரி பில், கிரெடிட் கார்டு, பெர்சனல் லோன் எல்லாம் போகும்.

ஏற்கெனவே ஒரு தடவை போட்டாச்சு. மறுபடி எப்போ?

சாப்டர் 7-க்குப் பின் மறுபடி சாப்டர் 7 தள்ளுபடி பெற, முதல் மனு நாளிலிருந்து 8 ஆண்டு. 7-க்குப் பின் 13 என்றால் 4 ஆண்டு. 13-க்குப் பின் 13 என்றால் 2 ஆண்டு. 13-க்குப் பின் 7 என்றால் 6 ஆண்டு, அந்த 13-ல் கடனை முழுதாகவோ பெருமளவோ அடைத்திருந்தால் விதிவிலக்கு உண்டு.

இதெல்லாம் எதுக்கு, பேசாம ஊருக்கே போயிட்டா?

கடன் இங்கேயே நிற்கும். வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்குவார்கள். அமெரிக்கத் தீர்ப்பை இந்திய நீதிமன்றத்தில் நேராக நிறைவேற்ற முடியாது, அங்கே தனி வழக்குப் போட வேண்டும் என்பது உண்மை. சின்னக் கார்டு பாக்கிக்கு யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். ஆனால் இங்கே விட்டுப்போன வங்கிக் கணக்கை முடக்கலாம். கோ-சைன் போட்ட நண்பர் சிக்குவார். திரும்பி வேலைக்கு வந்தால் அந்தத் தீர்ப்பு வட்டியோடு காத்திருக்கும். இங்கே வங்கிக் கணக்கு போல ஏதாவது சொத்து இருந்தால் ஊரிலிருந்தும் மனு போட வழியுண்டு. போவதற்கு முன் போடுவது சுலபம்.

ஃபைல் பண்ணப்புறம் ஊர்ல அப்பா தவறிட்டார். சொத்து எனக்கு வருது. இனிமே சொல்லணுமா?

மனு போட்ட நாளிலிருந்து 180 நாளுக்குள் அவர் இறந்திருந்தால் சொல்ல வேண்டும். எண்ணுவது இறந்த நாளை, பத்திரம் உங்கள் பேருக்கு மாறிய நாளை இல்லை. வாரிசுச் சான்றிதழ் வர இரண்டு வருடம் ஆனாலும் அதே கணக்குதான். ஆயுள் காப்பீட்டுத் தொகைக்கும் இதே விதி. சாப்டர் 13 நடந்துகொண்டிருந்தால் 180 நாளுக்குப் பின் வந்த சொத்தும் கணக்கில் வரும் என்று சொல்லும் நீதிமன்றங்கள் உண்டு, அதனால் அங்கே எப்போது வந்தாலும் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

தெரியவந்த 14 நாளுக்குள் திருத்தப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். சாப்டர் 7 முடிந்து, தள்ளுபடி உத்தரவு கைக்கு வந்து, வழக்கை மூடிவிட்டிருந்தாலும் இந்தக் கடமை உண்டு. புதிதாக வந்த சொத்துக்கும் விலக்குக் கேட்கலாம், வைல்டுகார்டில் மிச்சம் இருந்தால் அதை இங்கே போடச் சொல்லுங்கள்.